வண்டி வராத கரை

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில், கிழிந்த உரப்பைகளுக்கு நடுவே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மச்சாள் நின்ற கோலம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. என் அண்ணனைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவர் அவர். திருகோணமலையிலிருந்து சல்லிக் கிராமத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் கரை. மீன் காயப்போடும் மணலில் சோற்றுப் பார்சல் தாளும் சோடாப் போத்தலும் கிடக்கும். வலையை இழுத்தால் மீனோடு பொலித்தீன் பையும் வரும். எல்லோரும் திட்டினார்கள், எல்லோரும் போட்டார்கள்.

மச்சாள் யாருக்கும் புத்தி சொல்லப் போகவில்லை. ரியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பெடியன்களையும் பெட்டைகளையும் மறித்து, சனிக்கிழமை காலையில் கரையில் குப்பை பொறுக்கும் போட்டி இருக்கிறது என்றார். கோயில் ஒழுங்கையில் வீடுள்ளவர்கள் ஒரு பக்கம், தேவாலய ஒழுங்கைக்காரர் மற்றப் பக்கம். குறைவாகப் பொறுக்கியவர்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க வேண்டும். முதலில் சிரித்தவர்கள், பிறகு வெயில் ஏறுமுன்னே வந்து நின்றார்கள். கரையில் யாராவது பையை எறிந்தால், “மாமா, அதை எடுங்கோ” என்று சொல்லும் துணிவும் அவர்களுக்கு வந்தது. அவர்களைக் கூப்பிட்டு வருவதுதான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன்.

வீதியோரம் அடுக்கிய குப்பைப் பைகளை ஏற்ற வண்டி அனுப்புவதாகப் பிரதேச சபை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வண்டி வரவில்லை. மழை பெய்தது, நாய்கள் கிழித்தன, காற்று எல்லாவற்றையும் திரும்பக் கரைக்கே கொண்டுவந்தது. அடுத்த முறை வந்த பிள்ளைகளில் ஒருத்தி மணலில் குந்தி இருந்துவிட்டாள்.

“அக்கா, பொறுக்கினதையே திரும்பப் பொறுக்கவோ?”

திங்கட்கிழமை மச்சாள் அயலவரின் லாண்ட்மாஸ்டரை இரவல் வாங்கி, பைகளை ஏற்றி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளில் பின்னால் வர, அலுவலக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வெளியே வந்த அதிகாரி, சின்னப் பிள்ளைகளைக் கிளப்பி விடுகிறீர்களா என்று கேட்டார்.

“ஓம், நான்தான் கிளப்பினனான். இப்ப இவையளுக்கு என்ன மறுமொழி சொல்லுறது? நீங்களே சொல்லுங்கோ.”

அதிகாரி பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அந்த வாரமே வண்டி வந்தது. சில மாதங்கள் ஒழுங்காகவும் வந்தது. பிறகு டீசல் இல்லை என்றார்கள். டீசல் வந்தபோது சாரதி இல்லை என்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒரு சனிக்கிழமை மச்சாள் தனியாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு வேலை மாற்றலாகி அவர்கள் வவுனியா போனபோது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் கூட வந்தது.

இப்போதும் மேடையில் ஏறுகிறவர்கள், இளைஞர் முன்வர வேண்டும் என்று பேசி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பற்றி எரிகிறது. முன்வந்தார்களே! வந்தவர்களை ஏமாற்றியது யார்?

போன சனிக்கிழமை நானே இன்றைய பிள்ளைகளைக் கூட்டிக் கரையைத் துப்பரவாக்கினேன். பைகள் வீதியோரம் கிடந்தன. தொலைபேசியில் மச்சாள் சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளையள் திரும்ப வாறதுக்கு முதல் நீர் வண்டியை வரப்பண்ணும்.”

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். மத்தியானம் வரை காக்க வைத்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

“ஏலாது. நாளைக்குப் பிள்ளையள் வருவினம்” என்றேன். கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.