ஜெயபாலன் முடிக்க விரும்பாத முதல் பாகம்

என் தங்கை ஷாமளாவின் கணவர் ஜெயபாலனுக்குப் பொறாமைப்படத் தெரியும் என்பதே அவர் மகள் லோஷினிக்குக் கல்யாணம் பேசிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் ஊர் மெச்சும் தங்கமான மனிதர். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், மகளோடு உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவார். பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அப்பனும் மகளும் போடும் கூச்சலில் என் சீரியல் வசனம் எனக்கே கேட்காது.

அது இரண்டு பேர் சேர்ந்து விளையாடுகிற கேம். ஆற்றில் ஒரு படகு. இடது துடுப்பு ஒருவருக்கு, வலது துடுப்பு இன்னொருவருக்கு. இரண்டு பேரும் ஒத்துப் போட்டால் படகு நேராகப் போகும். ஒருவர் பிந்தினாலும் படகு திரும்பிப் பாறையில் மோதும், அந்தக் கட்டத்தை ஆரம்பத்திலிருந்து ஓட்ட வேண்டும். லோஷினி பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கி வந்தது. "பார்ட்னர், ரெடியா?" என்று அவள் கூப்பிட்டால் போதும், மனிதர் தட்டில் கிடக்கும் மீனை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ ஓடுவார். நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

பிறகு ஹேமநாதன் வந்தான். சிங்கப்பூரில் லிப்ட் பழுது பார்க்கிற வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருகிற பிள்ளை. அதிர்ந்து பேச மாட்டான். எங்கள் பக்கத்தில் முதலில் ரெஜிஸ்டர் செய்துவிடுவோம், சில மாதம் கழித்துத்தான் மண்டபத்தில் தாலி. இடையில் இருக்கிற அந்த மாதங்களில் பையன் சட்டப்படி புருஷன், வீட்டுக்கு விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை வரலாம், ஹாலில் உட்காரலாம், வாசல் கதவு திறந்திருக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஹேமநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ரெஜிஸ்டர் ஆன அடுத்த ஞாயிறு அவன் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப்போடு இன்னொரு பொருளும் கொண்டு வந்தான். அதே கேமின் இரண்டாம் பாகம். முதல் பாகம் ஆறு, இது கடல். லோஷினி குதித்தாள். ஜெயபாலன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத்தன பேரு விளையாடுறது?"

"இதுவும் ரெண்டு பேருதான் மாமா."

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். புளித்த மோர் குடித்த முகம். ஆனால் லோஷினி ஒழுங்கான பெண். "கத ஆத்துலேர்ந்துதான் கடலுக்குப் போகுது. அப்பாவும் நானும் மொத பாகத்த முடிச்சிடுறோம். ஒரே ஒரு ஸ்டேஜ்தான் பாக்கி. அப்புறம் இத போடுவோம்" என்று சொல்லி, கடல் பாகத்தை அலமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த ஒரு ஸ்டேஜ்தான் ஜெயபாலனுக்குக் கிடைத்த பிடி. அன்றிலிருந்து படகு கரை சேரவில்லை. கடைசியில் ஒரு நீர்வீழ்ச்சி, அதற்கு முன்னால் இரண்டு பாறை. அங்கே வந்ததும் அவர் துடுப்பு மட்டும் ஒரு நொடி பிந்தும். டமார். "ஐயோ, கை வழுக்கிடுச்சு மா." அடுத்த ஞாயிறு, "இந்த பட்டன் ஒட்டுது மா." அதற்கடுத்த ஞாயிறு, கண்ணில் தூசு. ஹேமநாதன் சோபா ஓரத்தில் உட்கார்ந்து, "பரவால மாமா, இன்னொரு தடவ போடுங்க" என்பான். அந்தப் 'பரவால' ஜெயபாலனை இன்னும் எரித்தது.

ஒரு நாள் துணி காயப்போட வந்த என்னிடம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முறையிட்டார்.

"அக்கா, அவன் கரிபாப் வாங்கிட்டு வரான். இவ மொத கரிபாப்ப அவனுக்கே எடுத்து வைக்கிறா. முன்னெல்லாம் எனக்குத்தான் வைப்பா."

"அவன் வாங்குனது தானே தம்பி?"

"அதுக்கு? பெத்தவன் நானு. தாலி கட்டட்டும், அப்புறம் ரெண்டு பேரும் கடலுக்குப் போகட்டும். அதுவரைக்கும் அவ என் பார்ட்னர்."

"வேணும்னே முட்டுறீங்களா?"

அவர் கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் பொம்மைக்கு அடம்பிடிக்கிற பிள்ளையாகிவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு. வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன் கிடைத்த கடைசி ஓய்வு நாள். நானும் ஷாமளாவும் சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தோம். ஹாலில் மறுபடி டமார். வழக்கமாக "பா! கவனிங்க பா!" என்று லோஷினி கத்துவாள். இந்த முறை சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவள் கன்ட்ரோலரைத் தரையில் வைத்திருந்தாள்.

"பா, கப்பல்லேர்ந்து கன்டேனர தூக்கி நேரா லாரி மேல வைக்கிறீங்க. ஒரு கல்ல தாண்டத் தெரியாதா?"

"வயசாச்சு மா."

"பொய் சொல்லாதீங்க. மூணாவது வாரமே எனக்குத் தெரியும். சரி, ஆசையா இருக்கீங்கன்னு விட்டேன்." அவள் குரல் உடைந்தது. "இவரு ஒரு நாளாச்சும் ரெண்டாவது பாகத்த போடச் சொன்னாரா? நான்தான் இத முடிக்கணும்னேன். உங்களோட முடிக்கணும்னு. அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேன். நம்ம கேம நீங்களே கெடுத்துட்டீங்க பா."

ஹேமநாதன் அப்பனையும் மகளையும் தனியே விட்டு எழுந்து, வாசல் பக்கம் போய்ச் செருப்பைத் தேடினான். நல்ல பிள்ளை என்று அப்போதுதான் முழுதாக முடிவு செய்தேன். ஜெயபாலன் குனிந்து மகளின் கன்ட்ரோலரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"உக்காரு மா. முடிச்சிடலாம்."

ஒரே ஓட்டம். பாறை இரண்டையும் தாண்டி, நீர்வீழ்ச்சியில் குதித்து, படகு ஆற்று முகத்துவாரத்தில் போய் நின்றது. எவ்வளவு சுலபமாகச் செய்தார் என்று பார்த்தபோது, இத்தனை வாரமும் ஏமாற்றியதற்கு எனக்கே அவரை ஒரு குட்டு குட்டலாம் போல இருந்தது. லோஷினி அவர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரே எழுந்து அலமாரியிலிருந்து கடல் பாகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"மாப்பிள்ள, வாங்க. வலது பக்கம் உங்களுக்கு."

ஹேமநாதன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். பிள்ளைக்குத் துடுப்புப் பிடிக்கவே வரவில்லை. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. அவன் பதறி இன்னும் வேகமாகப் போட்டான், படகும் இன்னும் வேகமாகச் சுற்றிக் கவிழ்ந்தது. ஜெயபாலன் பின்னால் நின்று காத்திருந்தார். இப்போது அவள் கத்துவாள், "கவனிங்க!" என்பாள், யார் அருமை என்று அவளுக்குப் புரியும் என்று நினைத்திருப்பார். லோஷினி சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி கவிழ்ந்தது, மறுபடி சிரிப்பு. இத்தனை வருடத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எத்தனையோ கூச்சல் கேட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

ஜெயபாலன் சமையல்கட்டுக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஓர் அப்பளத்தை எடுத்துத் தின்னாமல் உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் ஷாமளா. "பொண்ணு சிரிக்கிறா. நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார். "ரொம்ப நல்லதுதான். அதான் வயிறு எரியுது."