மாலை மறைத்த பாதி முகம்

2010-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். திண்டிவனத்தில் என் கணவர் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள் குடியிருந்த வீடு. படம் எடுப்பதும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் திருத்துவதும் அவர் வேலை. பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டிக் கவரில் போடுவது, லேமினேஷன் செய்வது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. கம்ப்யூட்டர் பக்கம் நான் போனதே இல்லை. அது அவருடைய இடம்.

ஒரு நாள் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கடலுக்குப் போகிற குடும்பம். அவர்களுடைய பெண் குழந்தை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வருவதற்குள், மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. கொஞ்சம் வளர்ந்த பிறகு குழந்தையைத் தனியாக ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"ஒரு வயசுல மொட்டை போட்டு எடுத்தது இருக்குதுங்க. ஆனா அது வேற மொகம். எம் பொண்ணு கடைசியா எப்டி இருந்துச்சோ அப்டி வேணும்" என்றாள் அந்தத் தாய்.

அதற்கு முந்தைய வருடம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கணவர்தான் படம் எடுத்திருந்தார். அதில் ஒரே ஒரு படத்தில் அந்தக் குழந்தை இருந்தது. மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்று எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் பாதியை மாப்பிள்ளையின் மாலை மறைத்துவிட்டது. ஒரு கண், ஒரு கன்னம், மூக்கு, வாயில் கொஞ்சம். அவ்வளவுதான் தெரிந்தது.

யாராக இருந்தாலும் தெரிகிற பாதியைத் திருப்பி ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் அது பொம்மை மாதிரி இருக்கும் என்றார் இவர். அந்தத் தாயை உட்கார வைத்து, கன்னமும் கண்ணும் நன்றாகத் தெரியும்படி சில படங்கள் எடுத்தார். குழந்தை அம்மா ஜாடை என்று எல்லோரும் சொன்னார்களாம். அந்த ஜாடையைப் பார்த்து, மறைந்த பாதியைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக வரைய ஆரம்பித்தார். அவர் பயன்படுத்திய எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாக் கடைகளிலும் இருப்பது அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு போட்டோ லேபில் வேலை பார்த்தபோது பழகியது. பழசுதான். ஆனால் அவர் கைக்கு அதுதான் வரும். தோல் தனி, நிழல் தனி, முடி தனி என்று அடுக்கடுக்காக வரைந்து, எப்போது வேண்டுமானாலும் ஒன்றை மட்டும் திருத்துகிற மாதிரி வைத்திருப்பார்.

அந்த வேலை பாதியில் இருக்கும்போதே அவருக்கு வயிற்று வலி அதிகமானது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். நான் அவரோடு அங்கேயே தங்கிவிட்டேன். அங்கே படுத்திருந்தபோதும் அவருக்கு அந்தப் படத்தின் நினைவுதான். "வாய் ஓரம் மட்டும் சரியா வரல. வூட்டுக்குப் போனதும் முடிச்சிடணும்" என்பார்.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். மருந்தில் வலி அடங்கியிருக்கும், சில நாள் எழுந்து நடமாடுவார், பிடித்ததைச் செய்யட்டும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் என் கொழுந்தனார் காத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையில் இருந்தவர். அண்ணன் என்றால் உயிர். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு போட்டுக்கொண்டு வந்து கடையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். அது மட்டுமில்லை.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல ஒரு படம் தொறக்கறதுக்குள்ள நீ டீ குடிச்சிட்டு வருவ இல்ல? இப்ப பாரு" என்று ஆசையோடு அவரைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து, கம்ப்யூட்டரை இயக்குகிற பழைய ஓ.எஸ்.ஸை எடுத்துவிட்டு, புதிதாக வந்ததைப் போட்டிருந்தார்.

திரை பளிச்சென்று வந்தது. புதுப் படம், புது நிறம். இவர் சிரித்துக்கொண்டே மவுஸை நகர்த்தினார். அவருடைய சாஃப்ட்வேரின் அடையாளம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. தேடினார். அந்த சாஃப்ட்வேரின் சிடியை எடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார். இந்த சாஃப்ட்வேர் இந்த சிஸ்டத்தில் இயங்காது என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. மூடிவிட்டு மறுபடி போட்டார். அதே கட்டம்.

"மாத்தறதுக்கு முன்னாடி, நம்ம சாஃப்ட்வேர் இதுல ஓடுமான்னு கேட்டியாடா?"

"புது சிஸ்டத்துல எல்லாமே ஓடும்னு சொன்னாங்கண்ணா. பைல்லாம் பத்திரமா இருக்குது. ஒண்ணுகூடப் போவல."

பைல் இருந்தது உண்மைதான். அந்தக் குழந்தையின் முகம் அதற்குள் இருந்தது. அதைத் திறக்கத்தான் எதுவும் இல்லை. வேறு சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தார்கள். முகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம் வந்தது.

கொழுந்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. இவர் மவுஸை ஓரமாகத் தள்ளிவைத்தார். நான் பயந்தேன். கடை விஷயத்தில் அவருக்குக் கோபம் வரும். ஆனால், "சரி, வுடு. நீ இன்னா தெரிஞ்சா பண்ண?" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாதது. தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்காருவார். கடைக்காரர் வருவார். ஏதாவது செய்து பார்ப்பார். பழைய ஓ.எஸ்.ஸையே திரும்பப் போட்டார்கள். அது ஏறியது. ஆனால் அதில் சாஃப்ட்வேரை ஏற்றும்போது சிடி பாதியில் நின்றுவிட்டது. வருஷக்கணக்காக உறையில் கிடந்து கீறல் விழுந்திருந்தது. கொழுந்தனார் சென்னைக்கு ஓடி, ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். அவ்வளவு பழசு யாரிடமும் இல்லை. இப்படியே அவர் நடமாடுகிற நாட்கள், வலி இல்லாத நாட்கள், காத்திருப்பதிலேயே போயின. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவர் கடை வரைக்கும் நடக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"விழுப்புரத்துல ஒருத்தன் இருக்கான். என்கூட லேப்ல இருந்தவன். அவன்கிட்ட இந்த சாஃப்ட்வேர் இருக்கும். நீ போய்ட்டு வர்றியா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து கடை வைப்பதாக இருந்து, ஏதோ பேச்சு முற்றிப் பிரிந்தவர்கள் என்று கொழுந்தனார்தான் பிறகு சொன்னார். போன் போட்டுப் பேசுங்களேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

கொழுந்தனார் பைலைப் போட்டுக் கொடுத்த பென்டிரைவோடு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் நகரவில்லை. பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

விழுப்புரத்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்து, நான் யார் என்று சொன்னேன். கண்ணாடி போட்ட, தலை நரைத்த மனிதர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அவனா அனுப்புனான்?"

"ஆமாங்க. அவருக்கு உடம்பு முடியலீங்க. வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

வீட்டுக்கு அனுப்பிட்டாங்க என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்து என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். புதுக் கம்ப்யூட்டர் ஒன்றும் பழசு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"புதுசு வாங்குறப்பவே கேட்டுக்கினேம்மா, இந்த சாஃப்ட்வேர் அதுல ஓடாதுன்னு. அதான் இத யாரையும் தொட வுடல" என்று சொல்லிக்கொண்டே பழையதைப் போட்டார்.

பைல் திறந்தது. மாலைக்குப் பின்னாலிருந்து அந்தக் குழந்தை முழு முகத்தோடு எங்களைப் பார்த்தது. வாய் ஓரம் மட்டும் மங்கலாக, முடியாமல் இருந்தது. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தன் செல்போனை என்னிடம் நீட்டி, "நம்பர் போட்டுக் குடும்மா" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். கொழுந்தனார் எடுத்து, அண்ணனின் காதருகே பிடித்துக்கொண்டார்.

"நான்தான் பேசுறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "பைல் தொறந்துச்சா?"

"தொறந்துக்கிச்சு. இன்னா பண்ணணும், சொல்லு."

அவ்வளவுதான் அவர்கள் பேசிய சமாதானம். அதற்குப் பிறகு வேலையைப் பற்றித்தான் பேசினார்கள். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவர் இங்கே செய்தார்.

"மண்டபத்து ஜன்னல் எடது கைப் பக்கம். வெளிச்சம் அங்கேர்ந்துதான் வருது. அந்தக் கன்னத்து நிழலக் கொறச்சுக்க."

"கொறச்சுட்டேன்."

"சிரிக்கறப்ப வாய் ஓரம் சும்மா மேல போவாது. கன்னத்தையும் சேத்து இழுக்கும். பாத்துப் பண்ணு."

நடுவில் இவருக்கு மூச்சு வாங்கும். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அவசரப்படுத்தவே இல்லை. ஒருமுறை இருமல் அதிகமானபோது, "அப்புறம் பண்லாம்டா, படு" என்றார். "இல்ல, இப்பவே" என்றார் இவர். கடைசியாக, "கண்ணுல வெள்ளையா ஒரு புள்ளி வையி. அது இல்லன்னா பாக்குற மாதிரி இருக்காது" என்றார். அவர் வைத்தார். அந்த ஒரு புள்ளியில் குழந்தை நிஜமாகவே யாரையோ பார்க்க ஆரம்பித்தது. நான் வெளியே வந்து கடை வாசலில் நின்றுகொண்டேன்.

பிரிண்ட் போட்டு, அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். சாயந்தரம் வீட்டுக்கு வந்து அதை என் கணவரிடம் கொடுத்தேன். கிட்டே பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் கையால முடிச்சிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். கொழுந்தனார் எழுந்து வெளியே போய்விட்டார். அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

மறுநாளே அந்தத் தம்பதி வந்தார்கள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் இவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். எது எடுத்த பாதி, எது வரைந்த பாதி என்று அவள் கேட்கவில்லை. வரைந்த கன்னத்தில்தான் விரலை வைத்தாள். "இந்தக் கன்னத்தத்தாங்க எம் மேல வச்சிக்கினு தூங்கும்" என்றாள். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சித்திரை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். விழுப்புரத்து நண்பர் அதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் காலில் கை வைத்தபடி மத்தியானம் முழுக்க இருந்துவிட்டுப் போனார். காரியத்தன்று குப்பத்திலிருந்து அந்தத் தம்பதியும் வந்து மூலையில் நின்றிருந்தார்கள்.

கொழுந்தனார் வெகு நாட்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது, "அண்ணன் ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட ஆறியிருக்கும் அண்ணி" என்றார். நான் சாதம் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இப்போது இல்லை. அண்ணன் சிரமப்படாமல் வேலை செய்யட்டும் என்று ஆசைப்பட்டதைத் தவிர அவர் வேறு எதையும் செய்யவில்லை.

கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். கம்ப்யூட்டரும் பழகிக்கொண்டேன். யாராவது புதிதாக ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்றால், இருக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் அதில் ஓடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்காமல் விடுவதில்லை. என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். பிரியமானவர்களுக்கு நல்லது செய்ய ஓடுகிற அவசரத்தில், அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்கத் தவறினால், திரும்ப வராத நாட்களைக்கூட நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுவோம் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.