சூசைதாசன் காட்டிய படம்

"படைப்புகளை விளக்கும் திறன் இல்லை. பார்வையாளரோடு உரையாடுவதில் ஆர்வம் குறைவு. காவலுக்கு ஏற்றவர்." சூசைதாசனைப் பற்றிக் கலைக்கூடத்தின் பணிக்குறிப்பு இப்படிச் சொல்கிறது. எழுதியவர் அவரை டேனிஷ் மொழியில் மட்டுமே கேட்டிருக்கிறார்.

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் துணி ஆலை மூடியபின் கிடைத்த வேலை இது. ஆலைக் காலத்தில் அவருக்குப் பகல் வேலை, மனைவி மேரிசெலினுக்கு இரவு வேலை. பிள்ளை வளர்க்க வசதியான ஏற்பாடுதான். ஆனால் கணவனும் மனைவியும் சமையலறை வாசலில்தான் சந்தித்துக்கொண்டார்கள். பிறந்தநாள் விழாக்களுக்குக்கூட முறை வைத்துத்தான் போனார்கள். ஒரு மாலையிலாவது இருவருமாக உடுத்திக்கொண்டு வெளியே போனதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் கலைக்கூடத்தில் ஒரு படத்தை மாட்டினார்கள். பழைய பாரிஸின் மலிவான பாட்டு மண்டபம், கறுப்புக் கிரயோனில் கீறியது. எரிவாயு விளக்கின் கீழ் ஒருத்தி வாயைத் திறந்தபடி நிற்கிறாள். முன்னால் தொப்பி போட்ட தலைகள். மூலையில், வேலை முடிந்து வந்த ஒரு தம்பதி. விளக்கு வெளிச்சத்தையே கீறிய அந்தத் தாளுக்கு வெளிச்சம் ஆகாதாம். மங்கலில் சில வாரம் வைத்துவிட்டு இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். திரும்பிவர ஆண்டுகள் ஆகும்.

மேரிசெலினுக்கு அவ்வளவு காலம் இல்லை. அவருடைய பார்வை நடுவிலிருந்து அழிந்துகொண்டு வந்தது.

"இஞ்சருமப்பா, ஒருக்காப் பாத்திட்டு வருவம். எங்களைப் போல ரெண்டுபேர் அதிலை இருக்கினம்," என்றார் சூசைதாசன்.

போக இருந்த கிழமையில் மன்னாரில் மேரிசெலினின் அண்ணன் இறந்துபோனார்.

"அண்ணைக்கு முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் பாட்டுக்காரியைப் பாக்கப் போறதோ?"

"அது கரியாலை கீறினது. பாடாது."

"கரியோ எண்டு கேட்டுப்போட்டே சனம் கதைக்கும்?"

செத்த வீட்டுக்குப் போக முடியாதவரிடம் துக்கம் காப்பது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதையும் பறிக்க சூசைதாசனுக்கு மனம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சில நாள் முன்னரே படத்தை இறக்கினார்கள். அதைக் கொண்டுபோகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். வீட்டில் சொல்லவில்லை.

பூசை முடிந்த ஞாயிறு மேரிசெலின் பட்டுச்சேலை கட்டி, மேலே குளிர்க்கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். நடுப்பார்வை அதற்குள் முழுதாகப் போயிருந்தது. அந்தச் சுவரில் இப்போது யுட்லாந்துப் புல்வெளிப் படம் ஒன்று, மாடுகளோடு.

"பாட்டுக்காரி எங்கை?"

"நடுவிலை. வெள்ளைச் சட்டை."

மேரிசெலின் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். "மாடு மாதிரி ஒண்டு தெரியுது."

"அது தொப்பி."

"கொம்போடையோ?"

"பிரெஞ்சுக்காரன்ரை தொப்பி அப்பிடித்தான்."

மேரிசெலின் சிரிக்கவில்லை. கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார்.

"சரி, சொல்லுங்கோ. எங்களைப் போல ரெண்டுபேர் எண்டனீங்கள். அவை எங்கை இருக்கினம்?"

அன்று கலைக்கூடம் மூடும்வரை சூசைதாசன், அங்கே இல்லாத ஒரு படத்தைத் தன் மனைவிக்கு விளக்கினார்.