சரஸ்வதிக்கு வைத்த இருபத்தாறு தொகுதிகள்

2024 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, காலை 6.40. லண்டன் இல்ஃபோர்ட்டில் மழையில்லை, ஆனால் ஜன்னல் கண்ணாடியைத் தொட்ட விரல் விறைத்தது. பழைய சாமான் ஏற்றும் கவுன்சில் வான் வண்டி எட்டு மணிக்கு வருவதாக இருந்தது.

அது ஏற்றிப்போக இருந்தது என்னுடைய இருபத்தாறு தொகுதிகளை. விக்டோரியா மகாராணி காலத்து வாரப் பத்திரிகைகள், ஆண்டுவாரியாகக் கட்டியவை. ஒன்பது வருடமாகப் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினேன். அவற்றின் பூஞ்சணத்தால்தான் பேத்தி இருமுகிறாள் என்று மகள் சொன்னாள். நான் ஒரு வாரம் எண்ணினேன். பேத்தி நாற்பத்தொரு தடவை இருமினாள். என் அறைக்குள் இருமியது நான்கே தடவை. கணக்கைக் காட்டினேன், மகள் பார்க்கவில்லை. தொகுதிகளை வாசலடியில் அடுக்கி, வானுக்குப் பதிந்துவிட்டாள்.

அந்தத் தாள்களில் எனக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். கணவனின் சட்டையில் எத்தனை தையல் என்று உட்கார்ந்து எண்ணிய ஒரு பெண். பாலத்தில் ஒரு மணி நேரம் நின்று, கடந்துபோன குடைகளை எண்ணிய ஒரு குமாஸ்தா. வாசகருக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் கேள்வியை அச்சிடமாட்டார்கள், பதில் மட்டும்தான். உங்கள் செடிக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்று ஒருவருக்கு. அவர் இனி எழுதமாட்டார், காத்திருக்க வேண்டாம் என்று இன்னொருவருக்கு. கேள்விகளை நானே ஊகித்து ஒரு கொப்பியில் எழுதுகிறேன். இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு. நான் எண்ணுவதை இந்த வீட்டில் நோய் என்கிறார்கள். அந்தப் பத்திரிகைகள் அதை அச்சடித்து விற்றன.

அன்று சரஸ்வதி பூசை. பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமிக்கு எடுக்கும்வரை தொடக்கூடாது. மகள் இதில் என்னைவிடக் கண்டிப்பு. முந்தின நாள் மாலையே மேல்மாடியில் படம் வைத்து, பட்டு விரித்து, பேத்தியின் கொப்பிகளை அடுக்கியிருந்தாள். நான் தொகுதிகளை இரண்டிரண்டாக மேலே தூக்கினேன். பதின்மூன்று தடவை, தடவைக்குப் பதின்மூன்று படி. எழுபத்தொன்பது வயதில் அது சும்மா அல்ல. எல்லாவற்றையும் பட்டின்மேல் அடுக்கி, ஒவ்வோர் அட்டையிலும் சந்தனப் பொட்டு வைத்தேன்.

ஏழே முக்காலுக்கு மகள் எழுந்து வந்தாள்.

"அப்பா, வாசலடியில கிடந்த புத்தகங்கள் எங்கை?"

"சாமிக்கு வைச்சிட்டன்."

ஓடிப்போய்ப் பார்த்தாள். "உங்களுக்கென்ன விசரே? வெள்ளைக்காரன்ர குப்பையையோ சரஸ்வதிக்கு வைச்சனீங்கள்?"

"அவவுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு ஆர் சொன்னது?"

"ஐயோ, பட்டுக்குக் கீழ என்ர லப்டொப் கிடக்கு!"

எனக்கு அது தெரியாது. தூசி படாமல் மூடி வைத்திருக்கிறாள். கை நீட்டினாள். சந்தனத்தைப் பார்த்தாள். கையை மடக்கிக்கொண்டாள்.

"எடன் பாப்பம்," என்றேன்.

"நாளைக்கு இருக்கு உங்களுக்கு," என்றாள்.

வான் வந்தது. ஏற்ற ஒன்றுமில்லை. கட்டிய காசு திரும்பாது என்று சொல்லிப் போனார்கள்.

மறுநாள் தீபம் காட்டிய பிறகு நானே தொகுதிகளை இறக்கினேன். மடிக்கணினித் திரையில் மூலைக்கு மூலை வெடிப்பு. பதினொரு கீறல்.

"இதுக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"நான். வான் காசும் தாறன். ஆனா புத்தகம் ஒண்டும் வெளிய போகாது."

"திரும்ப வானுக்குச் சொன்னால்?"

"சொல்லு. நான் வாசல்ல கதிரை போட்டு இருக்கிறன். என்னையும் சேத்து ஏத்தட்டும்."

மகள் நெற்றியைப் பிடித்தாள். "கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி வாங்கோணும். பூட்டித்தான் வைக்கோணும். பிள்ளை இருமினால்..."

"எண்ணிச் சொல்லுறன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தொகுதிகள் இருபத்தாறும் என் அறையில் இருக்கின்றன. திரை நூற்று எண்பத்தொன்பது, வான் முப்பத்திரண்டு, அலுமாரி நூற்றுப் பத்து. மொத்தம் முந்நூற்று முப்பத்தொரு பவுண்.