சௌசௌவும் என் இடது கையும்

மாரடைப்பு இடது உள்ளங்கையிலிருந்துதான் கிளம்பும் என்று நாற்பத்துமூன்று வயதுவரை நம்பியவன் நான். உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நெஞ்சுக்குப் போய்ச் சேருமாம். சொன்னவர் என் ஆபீஸ் ஹெட் கிளார்க். அவர் மைத்துனருக்கு அப்படித்தான் வந்ததாம். வைத்தியம் படிக்காத ஒருவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது எப்படி நம்பாமல் இருப்பது?

எழுபதுகளின் நடுவில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, ரத்தக்கொதிப்பு என்றார். எண்ணெய்ப் பண்டம் கூடாது, நீர்க்காயாகச் சாப்பிடுங்கள் என்றார். அவர் சொன்னது என்னிடம். கேட்டுக்கொண்டது என் மனைவி. அன்று முதல் சௌசௌ கூட்டு. பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயரை மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் ருசி மாறாத காய். பாசிப்பருப்போடு வேகவைத்து, சீரகமும் துளி தேங்காயும் அரைத்துவிட்டு, தாளிக்காமல் இறக்கிவிடுவாள். நான் மட்டும் தனியாக அவதிப்படக் கூடாதென்று அவளும் அதையே சாப்பிட்டாள். வாணலி பரணுக்குப் போயிற்று.

நானோ தினமும் ஐந்தரைக்கு, தேனாம்பேட்டையில் ஆபீஸுக்கு எதிரே இருந்த ஓட்டலில் இரண்டு மெதுவடை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கூட்டின் முன்னால் தியாகி முகத்தோடு உட்காருவேன். பாவம், ரொம்ப இளைத்துவிட்டீர்கள் என்பாள். நானும் மறுத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வடையோடு போண்டாவும் சேர்ந்துவிட்டது. அந்த உறுத்தலில், மறுநாள் காலை நானே காய் சீவுகிறேன் என்று முன்வந்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள். அரிவாள்மணையில் உட்கார என் தொப்பை இடம் கொடுக்காது. இடது கையில் காய், வலது கையில் கத்தி என்று நின்றபடியே இரண்டு சௌசௌ சீவினேன். மூன்றாவதில் இடது உள்ளங்கை இறுகியது. யாரோ பசை தடவிக் காகிதம் ஒட்டியதுபோல் விரல்கள் மடங்க மறுத்தன. கிள்ளினேன். கிள்ளிய கைக்குத் தெரிந்தது; கிள்ளுப்பட்ட கைக்குத் தெரியவில்லை. வலது கை படு சௌக்கியம். அப்படியானால் இது ஹெட் கிளார்க் சொன்னதேதான்.

நல்ல கையால் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, வேட்டியை ஒழுங்காக இழுத்துவிட்டு, கூடத்தில் மல்லாந்து படுத்தேன். மின்விசிறி இறக்கையில் ஒட்டடை. வருகிற கூட்டமெல்லாம் அதைப் பார்க்குமே என்ற கவலை வேறு. பஸ் மணிக்கட்டைத் தாண்டிவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

அவள் காலி வாளியோடு இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். என் கையைத் திருப்பிப் பார்த்தாள். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிதானமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இன்னும் இல்லே."

"அப்ப மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

சொன்னேன். ஓட்டல், நேரம், சட்னி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சாகிற நேரத்தில் வடையை மறைப்பானேன்?

"தினம் எத்தனை?"

"ரெண்டு." சற்று யோசித்து, "சாம்பார்ல ஊறினதுன்னா மூணு" என்றேன்.

அவள் என் கையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா நானும் வாய்க்கு ருசியா ஒண்ணும் தின்னலைங்க," என்றாள். "எந்திரிங்க. சௌசௌ பால் கையில காஞ்சா இப்படித்தான் மரத்துப்போகும். தண்ணியில போட்டுச் சீவணும்."

"பார்த்தவுடனே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

மத்தியானத்துக்குள் கை சரியாகிவிட்டது. மறுநாள் மாலை ஐந்தரைக்கு அவள் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனோம். அவள் மூன்று வடை சாப்பிட்டாள். நான் காபி குடித்தேன்.