தைலமரத்தடியில் கிடந்தது

சுரங்க மண் என்று நாங்கள் சொல்வது மண்ணே அல்ல. நிலக்கரிக்கு மேலே இருந்ததையெல்லாம் இயந்திரம் தோண்டிக் கொண்டுவந்து மலையாகக் கொட்டி வைத்திருக்கும். மேலே இருக்க வேண்டிய நல்ல மண் அடியில் போய்விடும். பூமிக்குள் நிம்மதியாகத் தூங்கிய களிமண்ணும் மணலும் மேலே வந்து வெயிலில் காயும். ஒரு மண்புழு கிடையாது. எறும்புகூட அங்கே குடிவர யோசிக்கும். அந்த மேட்டில் மரம் வளர்த்துத் தருகிறேன் என்று காண்ட்ராக்ட் எடுத்த ஒரு புண்ணியவானிடம் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அது 2010-களின் நடுப்பகுதி. தாவரவியலில் எம்.எஸ்சி. படித்தவளுக்கு நெய்வேலியில் கிடைத்த வேலை, நர்சரிப் பைகளில் மண் ரொப்புவதை மேற்பார்ப்பது. எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிடுவார்கள். சம்பளத்தில் விழுந்த ஓட்டையை அந்த ஒரு வார்த்தையால் அடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் வருடம் மேட்டில் நட்ட தைலமரக் கன்றுகள் வரிசையாக மண்டையைப் போட்டன. தண்ணீர் ஊற்றினோம், எரு போட்டோம், திட்டியும் பார்த்தோம். அப்போதுதான் கல்லூரியில் அரைத் தூக்கத்தில் கேட்ட பாடம் ஞாபகம் வந்தது. மரத்தின் வேர் தனியாகப் பிழைப்பதில்லை. வேர் நுனியில் ஒரு பூஞ்சை ஒட்டிக் குடித்தனம் நடத்தும். முடியைவிட மெல்லிய அதன் இழைகள் வேர் போக முடியாத இடுக்கிலெல்லாம் புகுந்து தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் பதிலுக்கு அதற்குச் சர்க்கரை கொடுக்கும். எங்கள் மேட்டில் மரம் நட்டோம், அதன் கூட்டாளியை நடவில்லை.

சைட் இன்சார்ஜிடம் போய் விளக்கினேன். அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, "ஏதோ பண்ணுங்க மேடம், செலவு மட்டும் வைக்காதீங்க" என்றார். நானும் நர்சரியில் வேலை செய்த அக்கா ஒருவரும் டவுன்ஷிப்புக்குள் சாலையோரம் நின்ற கிழட்டுத் தைலமரங்களின் அடியில் மண்ணைக் கொத்தி, சிமெண்ட் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுவந்தோம். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற ஒருவர், "ஏம்மா, மண்ணைக்கூட விட மாட்டீங்களா?" என்று கேட்டார். நான் வண்டியை முறுக்கினேன். நர்சரிப் பைக்கு ஒரு கை அந்த மண்ணைக் கலந்து வளர்த்து மேட்டில் நட்ட கன்றுகள் மறு வருடம் என் தோளுக்கு வந்துவிட்டன. கலக்காதவை முழங்காலில் முக்கிக்கொண்டு நின்றன.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்ட கையோடு ஒரு 'விசிட்' என்றார்கள். பெரிய அதிகாரி ஒருவர் மேட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறாராம். விசிட் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் வெறி பிடித்துவிடும். கல்லுக்கு வெள்ளை, மரத்துக்குக் காவி, நடைபாதைக்குச் சிவப்பு மணல். தெருநாய் ஒன்று அசையாமல் படுத்திருந்தால் அதற்கும் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.

விசிட்டுக்கு முந்தின நாள் காலை இன்சார்ஜ் மேட்டில் நின்று அலறினார். ஓடிப் போய்ப் பார்த்தோம். என்னுடைய தைலக் கன்றுகளின் நடுவே, அதிகாரி நடக்கப்போகிற பாதையை ஒட்டி, அங்கங்கே கிடந்தது. உருண்டையாக, பழுப்பாக, மேலே வெடித்து. சத்தியமாகச் சொல்கிறேன், பெற்ற தாய் பார்த்தாலும் அது என்னவென்று சந்தேகப்பட மாட்டாள். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எங்க அந்த வாட்ச்மேன்?" என்றார் இன்சார்ஜ்.

ராத்திரிக் காவலுக்குப் பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் ஐம்பது வயது மனிதர் அவர். ஷிப்ட் முடிந்து கிளம்பியவரை நிறுத்திக் கூட்டிவந்தார்கள்.

"யோவ், அறிவு இருக்கா உனக்கு? விசிட் வர்ற எடத்துல இப்பிடிப் பண்ணி வெச்சிருக்க?"

"சார், நான் இல்ல சார்."

"ராத்திரி பூரா இங்க நீ ஒருத்தன்தான். பேயா வந்து பேண்டுட்டுப் போச்சு?"

"சத்தியமா இல்ல சார். நான் அடக்கிகினு இருந்து வூட்டுக்குப் போய்த்தான் சார் போவேன்."

அவர் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டிய காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ் கக்கூஸுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இன்சார்ஜ் தன் பேண்ட் பாக்கெட்டில் வீட்டுக்குக் கொண்டுபோவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அவருக்கு நீங்க எந்த எடத்தக் காட்டினீங்க?" என்று கேட்டேன். அது காதில் விழாதவர்போல அவர் வாட்ச்மேனிடம், "நாளைலேருந்து வேற ஆள் வருவான். டிரெஸ்ஸைத் தொவைச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார்.

வாட்ச்மேன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"திருடிட்டான்னு அனுப்பினாக்கூட ஊர்ல தல நிமிந்து நடந்துடுவேன் மேடம். கண்ட எடத்துல பேண்டான், வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு பேர் வாங்கிகினு, என் சம்பந்தி வூட்டுப் படிய எப்பிடி மேடம் ஏறுவேன்?"

"கொஞ்ச நேரம் இருங்கண்ணே, போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மேட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்றால் கோபத்தில் போனேன். அக்கா பின்னாலேயே வந்து, "ஐயே, அத்த எதுக்கு மேடம் கிட்டப் போய்ப் பாக்கறீங்க?" என்றார்.

கிட்டப் போனபோதுதான் உறைத்தது. ஒரு ஈகூட இல்லை. மழை விட்டு வெயில் அடிக்கிற நெய்வேலியில், ஈ மொய்க்காமல் அது கிடக்குமா? நாற்றமும் இல்லை. குச்சியால் குத்தினேன். மூக்குப்பொடி நிறத்தில் குபுக்கென்று தூள் பறந்தது. பிளந்தால், கடலைப்பருப்பை அடுக்கி வைத்ததுபோல் உள்ளே மஞ்சள் மஞ்சளாக மணிகள். அடியில் தோண்டினேன். பொன்னிற இழைகள் கொத்தாகக் கிளம்பி நேரே தைலக் கன்றின் வேருக்குப் போயின. வேர் நுனிகளெல்லாம் தடித்து மஞ்சள் பூசியிருந்தன.

"அக்கா, இது காளான்க்கா!" என்று கத்தினேன். சாக்கில் நான் சுமந்துவந்த கூட்டாளி, மழைக்கு வெளியே தலை நீட்டியிருக்கிறான். புத்தகத்தில் படம் போட்ட மகராசன் அழகான குடைக்காளானாகப் பார்த்து வரைந்து வைத்திருந்ததால், அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இரண்டு உருண்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனேன். விசிட்டுக்காக மேசையில் புது வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன் நடுவில் வைத்தேன்.

"ஏய்! ஏய்! என்ன மேடம் பைத்தியமா உங்களுக்கு?" இன்சார்ஜ் நாற்காலியோடு சுவருக்குப் போய்விட்டார்.

"மோந்து பாருங்க சார்."

"எடுங்க முதல்ல!"

நான் இரண்டு கையாலும் பிட்டுக் காட்டினேன். தூள் அவர் சட்டைவரை பறந்தது. இதுதான் நம் கன்றுகளைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவந்தது, இது கிடக்கும் இடத்தில்தான் மரம் நன்றாக இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் மெதுவாக எழுந்து வந்து, பேனா முனையால் ஒரு மணியை உருட்டினார்.

"ஓ, ஃபங்கஸ்ஸா! அத மொதல்லயே சொல்றதில்லையா?" என்றவர், வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்து, "சரிய்யா, நீயே வா நைட்டுக்கு" என்றார். அவ்வளவுதான். ஒரு 'தப்பா நெனச்சுட்டேன்' கிடையாது.

மறுநாள் அதே உருண்டை எவர்சில்வர் தட்டில் ஏறிவிட்டது. 'எங்கள் முயற்சி' என்று இன்சார்ஜ் அதிகாரியிடம் அரைமணி நேரம் அளந்தார். அதிகாரி அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு, "ஊர்ல இதுக்கு என்னம்மா பேரு?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா வாயைத் திறக்குமுன் நான் அக்காவின் காலை மிதித்தேன்.

கார்கள் எல்லாம் போனபிறகு கேட்டில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். விசிட்டுக்காக அவரைப் பகலிலும் நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாண்ணே, ஜெயிச்சுட்டோம்!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"நல்லாருங்க மேடம். நீங்க இல்லன்னா நான் போயிருப்பேன். ஆனா நான் வாயத் தொறந்து சொன்னேன், நம்பல. காளான் சொன்னதும் நம்பிட்டாரு. நாளைக்கு எவனாவது நெஜமாவே வந்து பேண்டுட்டுப் போனான்னா, எனக்கு யாரு மேடம் சாட்சி?"