அறுபது ஜி.பி. ரயில்

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கடுகு வைக்கக்கூட இடமில்லை. கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து பத்து நாள் லீவில் சித்தப்பா வந்தார். வரும்போது ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒரு கேம் வாங்கிப் போட்டு எடுத்து வந்திருந்தார். ரயில் ஓட்டும் கேம். எனக்கல்ல, அப்பாவுக்கு.

ரயில்வே ஆபீசில் நாள் முழுக்க டைம்டேபிளோடு மாரடிக்கிற மனுஷனுக்கு வீட்டிலும் ரயிலா என்று அம்மா கேட்டாள். ஆனால் மறுநாள் அப்பா ஆபீசிலிருந்து அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

டிஸ்கில் முப்பது ஜி.பி.யாக மடங்கிக் கிடந்த கேம், விரிவதற்கு அறுபது கேட்டது. எங்களிடம் இருந்தது பதினொன்று. மிச்சத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தவை ஐந்து வீடியோக்கள். அக்காவின் அரங்கேற்றம், என் ஆண்டு நிறைவு, இன்னும் மூன்று கல்யாணங்கள். லேக் மார்க்கெட் பக்கத்துக் கடை ஒன்றில் கேசட்டிலிருந்து அப்படியே ஏற்றித் தந்தவை, மொத்தம் அறுபத்தைந்து ஜி.பி. கேசட்டுகளைக் கல்கத்தாவின் ஈரம் பூஞ்சணம் பிடிக்க வைத்துவிட்டதால், உலகத்தில் அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

"அதுல ஒரு செகண்டு கொறைஞ்சாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

"வேண்டாம், விடு. அவசியமா என்ன?" என்றார் அப்பா. அவர் அதை அவ்வளவு சீக்கிரம் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எதையும் அழிக்காமல் இடம் பண்ணித் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு சாயங்காலம் ரயில், டிஸ்க் தன்னோடு வந்துவிடும் என்று சித்தப்பா கெடு வைத்தார்.

முதலில் எனக்குத் தெரிந்த ஒரே வழியான ஜிப்பை, சித்தப்பா டிஸ்கில் மிச்சமிருந்த இடத்தில் செய்து பார்த்தேன். ஒரு நாள் முழுக்க முனகிவிட்டு, அறுபத்தைந்தை அறுபத்துமூன்றாக்கித் தந்தது கம்ப்யூட்டர். பிறகு இரண்டு நாள் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். புரிந்த அன்று குதித்தேன். அரங்கேற்ற மேடையில் ஒரு நீலத் திரை. ஒன்றரை மணி நேரமும் அது அசையவே இல்லை. ஆனாலும் செகண்டுக்கு இருபத்தைந்து தடவை அந்தத் திரையை முழுசாகத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தது அந்த வீடியோ. திரையை ஒரு தடவை எழுதிவிட்டு, அதன்பின் அக்கா அசைவதை மட்டும் எழுதினால் போதாதா?

போதும்தான். ஆனால் பேராசையில் நான் ஒன்றரை மணி நேரத்தை அரை ஜி.பி.க்குள் திணித்தேன். திரை பிரமாதமாக வந்தது. அக்கா வேகமாகக் கால் எடுத்து வைத்தபோதெல்லாம் முகம் சதுரம் சதுரமாகச் சிதறிப்போயிற்று.

"தீர்மான அடவுல என் மூஞ்சி எங்கடி?" என்று கேட்ட அக்கா, அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அசல் பத்திரமாக இருக்கிறது என்று சத்தியம் செய்தும் பயனில்லை.

இந்தத் தடவை தாராளமாகவே கொடுத்தேன், ஐந்துக்கும் சேர்த்து எட்டு ஜி.பி. எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வீடியோவுக்கே அரை நாள் பிடித்தது. காலையில் ஒன்றை ஓடவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன், வந்ததும் அடுத்தது. சனிக்கிழமை மத்தியானம் ஐந்தாவது வீடியோ தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியபோது கரண்ட் போனது. திரும்ப வந்தபோது பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நான் அழுததைப் பார்த்துத்தான் அக்கா மௌனத்தைக் கலைத்தாள். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்து, "சூடாகாம ஓடட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை பரீட்சை. ஒரே காட்சியைப் பழையதிலும் புதியதிலுமாக இரண்டு தடவை சித்தப்பா ஓட்டினார். எது எதுவென்று சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் மூக்குத்தியை, கொலுசை, முன்வரிசையில் கொட்டாவி விட்ட மாமாவைக்கூட விடாமல் பார்த்தாள். பிறகு இரண்டாவதைக் காட்டி, "இதுதான் அசல்" என்றாள்.

அது நான் செய்தது.

சித்தப்பா கைதட்டினார். அம்மா தட்டவில்லை. மவுஸைத் தன் கையில் வாங்கி, "பெருமாளே" என்று சொல்லி, ஐந்து பெரிய கோப்புகளையும் அவளே அழித்தாள். வேறு யார் அழித்திருந்தாலும் அந்த வெற்றி எனக்கு அவ்வளவு இனித்திருக்காது. எங்கள் கம்ப்யூட்டரில் அறுபத்தெட்டு ஜி.பி. காலியாக இருந்தது. அரண்மனைக்குக் குடிவந்தது போல இருந்தது.

ஹவுராவுக்குப் போக டாக்சி வாசலில் வந்து நின்றபோது கேம் கடைசி சதவீதத்தில் இருந்தது. முடிந்ததும் சித்தப்பா டிஸ்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். அப்பாவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினார்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிரேக்கை விடுவித்து, ஹாரன் கொடுத்து, ரயிலை அலுங்காமல் நகர்த்தினார். ஸ்டேஷனைத் தாண்டியதும் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"நீதான் அசிஸ்டென்ட். சிக்னல் என்ன கலர்னு உரக்கச் சொல்லணும். நான் திருப்பிச் சொல்லுவேன். நிஜ வண்டியிலயும் இப்படித்தான்."

"பச்சை" என்றேன்.

"பச்சை" என்றார் அப்பா. ரயில் வேகம் எடுத்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம், நான் பக்கத்தில் இல்லாமல் அவர் ஒரு நாளும் அந்த ரயிலை எடுத்ததில்லை. இடம் பண்ணிக் கொடுத்த எனக்குத் தரும் மரியாதை அது என்று நினைத்து, பள்ளிக்கூடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இருபத்திரண்டு வயதில் அப்பா டிரைவர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் தேறியதும், கண் டாக்டர் நீட்டிய அட்டையில் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆபீஸ் நாற்காலிக்கு வந்து சேர்ந்ததும், நான் காலேஜ் முடித்த பிறகு சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.